வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்

பஸ் நின்றுவிட்டது. இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஜன்னலோரத்தில் லிங்கராஜ் மட்டும் மடியில் விரித்த புத்தகத்தில் ஒரு விரலை வைத்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் இருந்து எடுத்தார்.

“அண்ணாச்சி, தாலுகா ஆபீஸ் வந்தாச்சு. இறங்குதீயளா, இல்ல ஆபீஸையும் பஸ்ல ஏத்திக்கிடணுமா?”

மாதத்தில் இரண்டு மூன்று நாளாவது இது நடக்கும். கண்டக்டர் லீவு போட்டு வேறு ஆள் வந்திருந்தால் கேட்க நாதி இருக்காது. லிங்கராஜ் அடுத்த விலக்கு நிறுத்தத்தில் விழித்துக்கொண்டு இறங்கி, பருத்திக் காட்டோரமாக ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்து வருவார். மழைக்காலமாக இருந்தால் செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டு ஆள் இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பார். அதைச் சுரண்டுவதற்கென்றே அலுவலக வாசல்படியில் ஓர் ஓட்டாஞ்சில்லு வைத்திருக்கிறார். அதை வேறு யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கோபப்பட மாட்டார், ஆனால் திரும்ப வைக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

மடியில் இருப்பது கதைப் புத்தகம் இல்லை. வருவாய்த் துறையின் விதிப் புத்தகம். செங்கல் கனம். காக்கி அட்டை கிழியக் கிழியப் புது அட்டை போட்டு இருபத்திரண்டு வருடமாக அவரிடம் இருக்கிறது. கண்மாய்க் கரை உடைந்தால் முதலில் யாருக்குத் தகவல் போக வேண்டும், புறம்போக்கில் நிற்கிற பனையில் நுங்கு வெட்டும் உரிமை யாருக்கு, உழும்போது கொழுவில் செப்புக்குடம் தட்டுப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. மற்றவர்கள் வேலைக்காகப் புரட்டுகிற புத்தகத்தை லிங்கராஜ் ருசிக்காகப் படிக்கிறார். ஒரு விதியைத் தேடிப் போனால் அதற்கு அடுத்த விதி அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடும்.

ஐம்பது வயது. ஒல்லியான ஆள். கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வீடு. வேலை மட்டும் மேற்கே, கழுகுமலையைத் தாண்டி, பக்கத்து மாவட்டத்துத் தாலுகா அலுவலகத்தில். பதவி உதவியாளர். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஒரு படி ஏறி, அதே நாற்காலி வரிசையில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கோப்புக் கட்டுகிற நாடாவில் அவர் போடுகிற முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். பிறர் போட்ட கடுமுடிச்சைப் பார்த்தால் சத்தமில்லாமல் அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டு வைப்பார். பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிடுவார். ஒரு மணிக்கு மற்றவர்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது, தூரத்து ஊர்களில் இருந்து வந்து வெயிலில் நிற்பவர்களை உள்ளே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். நாகலாபுரத்துக்காரர் ஒருவர், மூத்த மகளைப் பார்க்கப் போகிறவர், பின் சீட்டில் இருந்து தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, எங்கய்யா போயி மூணு வருசமாச்சு. பட்டா இன்னும் அவிய பேருலதான் கெடக்கு. மாத்தணும்னா பிள்ளைய ஆறு பேரும் நேர்ல வரணும்ங்காவ. ஒருத்தன் மலேசியாவுல கெடக்கானே, அவன எங்கன போயி இழுத்துட்டு வர?”

“அவரு வர வேண்டாம். அங்க நம்ம தூதரகம் இருக்கும்லா, அதுல கையெழுத்துப் போட்டு சீல் வச்சு அனுப்பச் சொல்லுங்க. வாரிசுச் சான்று வாங்கிட்டியளா?”

“அது இருக்கு.”

“அப்பம் பாதி வேல முடிஞ்சுது. மிச்சப் பாதிக்கு என்னென்ன வேணும்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

இப்படிச் சொல்லும்போது புத்தகம் மூடியே இருக்கும். கேட்கிறவர் நன்றி சொல்லி முடித்ததும், தான் சொன்னது சரிதானா என்று பார்க்கப் புத்தகத்தைத் திறப்பார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் திறந்தபின் மூட மாட்டார்.

இவ்வளவும் தெரிந்தவர் ஏன் இன்னும் உதவியாளராகவே இருக்கிறார் என்று கேட்பவர்களுக்குக் கோவில்பட்டியில் இருந்து கடம்பூர் வரை சொந்தக்காரர்கள் மத்தியிலும், பின்னால் அலுவலகத்திலும் ஒரே பதில்தான் உண்டு. “துணைத் தாசில்தார் பதவி வீடு தேடி வந்துச்சு. அவியதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாவ.”

அந்தப் பதிலுக்குப் பன்னிரண்டு வயது. கடம்பூரில் போளிக்கடை வைத்திருக்கிற தங்கச்சாமி, லிங்கராஜின் மனைவி கல்யாணசுந்தரிக்கு அண்ணன். அவர் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், முப்பது பேர் காதில் விழுகிற மாதிரி, “என்ன மாப்ள, எப்பம் தாசில்தார் ஜீப்புல வரப் போறிய?” என்று கேட்டார். லிங்கராஜின் வாயில் போளி இருந்தது. அதை மெல்லுகிற நேரத்துக்குள் ஒரு வாக்கியம் தானாகவே உருவாகிவிட்டது.

“தெற்குக் கோடியில போடுவோம்னாங்க மச்சான். இங்க இருந்து மூணு பஸ் மாறணும். வீட்ட விட்டுட்டு அங்கன போய்க் கெடக்க முடியுமா? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

அப்படி எழுதிக் கொடுக்கிற வழக்கம் உண்டுதான். பதவி உயர்வு வந்தால் மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றல் வரும் என்று பயந்து, எனக்கு வேண்டாம் என்று கடிதம் கொடுப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. தங்கச்சாமி எழுந்தே நின்றுவிட்டார். “கேட்டியளா? பதவிய விடக் குடும்பம் பெருசுன்னு நினைக்க மனுசன் இந்தக் காலத்துல உண்டா?” அன்றைக்கு லிங்கராஜின் இலையில் இன்னும் இரண்டு போளி விழுந்தன.

அதன்பிறகு குடும்பத்தில் அவர் வார்த்தைக்குக் கனம் கூடியது. சொத்துப் பாகம் பிரிப்பதற்கு, முறுக்கிக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்துவதற்கு, பதவியை உதறிய மாப்பிள்ளையைத்தான் கூப்பிட்டார்கள். தங்கச்சாமி கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம்கூட அந்தக் கதையைச் சொல்லி அறிமுகம் செய்வார். அப்போதெல்லாம் லிங்கராஜ் தட்டில் இருக்கிற போளியையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை அதுவல்ல. துணைத் தாசில்தார் ஆவதற்குத் துறைத் தேர்வுகள் பாஸாக வேண்டும். லிங்கராஜ் எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே முடித்தார், ஒன்றைத் தவிர. அந்த ஒரு தாளை ஒன்பது தடவை எழுதி ஒன்பது தடவையும் போய்விட்டது. இதில் வெளியே சொல்லவே முடியாத வெட்கம் என்னவென்றால், அது புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அனுமதித்திருக்கிற தாள்.

ஒவ்வொரு தடவை பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதும் அதன் வாலில் ஓர் இணைப்பு வரும். பணிமூப்பு இருந்தும் தேர்வில் தேறாததால் சேர்க்கப்படாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பழைய மாவட்டம் பெரியது. பட்டியல் ஒரு கட்டு. முதல் நாலு பக்கத்தைத் தாண்டி யாரும் புரட்டியதில்லை. இணைப்பில் நாற்பது ஐம்பது பெயர்களுக்கு நடுவில் லிங்கராஜ், கூட்டத்தில் நிற்கிற ஆளைப் போல, நிம்மதியாகவே இருந்தார்.

மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோதுதான் அந்த நிம்மதிக்கு ஆட்டம் கண்டது.

ஊழியர்களிடம் விருப்பம் கேட்டார்கள். பழைய மாவட்டமா, புதியதா? பெரிய ஊரில் வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் சேர்த்தவர்கள் எல்லாரும் பழையதைக் கேட்டுப் போனார்கள். லிங்கராஜ், கோவில்பட்டி பஸ்ஸை உத்தேசித்து, இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்றார். அந்த இடம் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. பழைய பணிமூப்பு வரிசையில் நூற்றுப் பன்னிரண்டாவதாக இருந்த அவர் பெயர், புதிய வரிசையில் ஒன்பதாவதாக வந்து நின்றது. அப்புறம் ஒவ்வொருவராக மேலே போனார்கள், ஓய்வு பெற்றார்கள். ஒன்பது ஏழானது, நாலானது, இந்த வருடம் ஒன்றானது.

அந்தக் குழப்ப நாட்களில் அலுவலகத்துக்கு அவர்தான் வழிகாட்டி. பழைய மாவட்டத்தில் எழுதிப் பாஸான தேர்வு புதிய மாவட்டத்தில் செல்லுமா, மறுபடி எழுதச் சொல்வார்களா என்று ஆளாளுக்குப் பதறினார்கள். லிங்கராஜ் சாவகாசமாக விளக்கினார். “தேர்ச்சி ஆளோட போகும். வரிசை மாவட்டத்தோட நின்னுரும். பாஸானத யாரும் பிடுங்க முடியாது. பணிப்பதிவேட்டுல பதிஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க.” பதினோரு பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பதினோரு பேருக்கும் சாதகமாகவே பதில் வந்தது. பன்னிரண்டாவதாகத் தனக்கு ஒன்று எழுத அவரிடம் விஷயமே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து மேசைக்காரர் முத்துசெல்வம். லிங்கராஜை விட எட்டு வயது இளையவர், பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர், எல்லாத் தாளும் முடித்தவர். தை மாதத்தில் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, இந்தத் தடவ தப்பிக்க முடியாது. நம்ம மாவட்டம் இப்பம் கைக்குட்ட மாதிரி. எங்கன போட்டாலும் காலையில போயிட்டு விளக்கு வைக்க வீட்டுக்கு வந்துரலாம். போன தடவ மாதிரி வேண்டாம்னு எழுதிக் குடுத்துராதீய.”

“பாப்போம், பாப்போம்.”

“என்ன பாப்போம்? லிஸ்ட்டே ஒரு பக்கந்தான் வரப் போவுது. பட்டியலும் இணைப்பும் அந்த ஒத்தப் பக்கத்துல. எடுத்தவன் எல்லாம் வாட்ஸ்அப்புல போடுவான். உங்க பேர ஊரே பாக்கும்லா!”

லிங்கராஜ் சிரித்தார். அன்று பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஊரே பார்க்கும். பட்டியலிலா, இணைப்பிலா என்பதுதான் முத்துசெல்வத்துக்குத் தெரியாது. நிஜமாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட ஜன்னலைப் பார்த்து யோசித்தார். விதி உடனே நினைவுக்கு வந்தது. பட்டியலில் பெயர் வந்தவர்தான் வேண்டாம் என்று எழுத முடியும். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணசுந்தரி முற்றத்தில் சுளகை வைத்துக்கொண்டு உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதிகம் பேச மாட்டாள். நாலு பேர் கூடுகிற இடத்தில் அடுப்படிப் பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். லிங்கராஜ் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஒரு விசயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“நான் வேண்டாம்னு எழுதிக் குடுக்கல.”

சுளகு நிற்கவில்லை. “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பரீட்சையில போயிட்டுன்னு தெரியும்.”

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரு சொல்லணும்? இன்ஸ்பெக்சன்னு சொல்லிட்டுப் போவிய, வருசத்துக்கு ரெண்டு தடவ. அன்னைக்கு மட்டும் சட்டப் பையில ரெண்டு புதுப் பேனா இருக்கும். திரும்பி வரும்போது நடுவிரல்ல மை இருக்கும். பெறவு ரெண்டு மாசம் கழிச்சு ஒருநா காப்பிய அப்படியே வச்சிட்டுப் போவிய. அன்னைக்குத்தான் ரிசல்ட்டுன்னு நினைச்சிக்கிடுவேன்.”

லிங்கராஜ் முற்றத்துக் குழாயைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் இறுக்கி அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பெறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீங்க இன்னொண்ணு சொல்லுவிய. அதுக்கு இதுவே தேவலன்னு விட்டுட்டேன்.”

அவள் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். கோபமாக இருக்கிறாளா என்று லிங்கராஜ் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வெளங்காதது ஒண்ணுதான். அது பொஸ்தகத்தப் பாத்து எழுதுத பரீட்சையாம்லா? முத்துசெல்வம் வீட்டுக்காரி சொன்னா. பாத்து எழுதுததுக்கு என்ன கேடு?”

“அத எப்படிச் சொல்ல...” லிங்கராஜ் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். ஒன்பது தோல்வியைப் பற்றி அவரிடம் ஒருவரும் இதுவரை விளக்கம் கேட்டதில்லை. “கடைசித் தடவ வெள்ளச் சேதம் பத்தி ஒரு கேள்வி. எனக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவ பாத்துக்கிடுவோமேன்னு திறந்தேன். அந்தப் பக்கத்து அடியில, வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து கரையில ஒதுங்குன மரம் யாருக்குச் சொந்தம்னு ஒரு விதி...”

“யாருக்குச் சொந்தம்?”

“அதான! அது அடுத்த பக்கத்துல இருக்கு. புரட்டுனேன். அதுல இருந்து ஆத்துக்கு நடுவுல புதுசா மேடு விழுந்தா அத யாரு உழுகலாம்னு போச்சு. அதப் படிச்சு முடிக்கவும் பெல்லு அடிக்கவும் சரியா இருந்துச்சு.”

கல்யாணசுந்தரி சுளகைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். லிங்கராஜுக்கு முதலில் ரோஷமாக இருந்தது. அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அந்தத் தாளை நினைத்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அப்பம் பொஸ்தகத்த இங்கனயே வச்சிட்டுப் போங்க.”

“பொஸ்தகம் இல்லாமயா? எல்லாரும் மூட்ட மூட்டையாக் கொண்டு வருவாவ பிள்ள!”

“வரட்டும். பஸ்ல கேக்கவங்களுக்கு எந்தப் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுதீய?”



வைகாசியில் தேர்வு. மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளிக்கூடம். வாசலில் பார்த்தவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் என்றே நினைத்திருப்பார்கள், அவ்வளவு பைகள். ஒருவர் சக்கரம் வைத்த பெட்டியே இழுத்து வந்திருந்தார். பக்கம் பக்கமாக மஞ்சளும் பச்சையுமாகக் காகிதத் துண்டு ஒட்டிய புத்தகங்கள் மேசைகளில் அடுக்கடுக்காக ஏறின. லிங்கராஜின் மேசையில் நுழைவுச்சீட்டும் இரண்டு பேனாவும் இருந்தன. மேற்பார்வைக்கு வந்த பெண், அவருக்கு மகள் வயது இருக்கும், குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

“புக் எங்க சார்?”

“வீட்டுல இருக்கும்மா.”

“ஐயோ, மறந்துட்டீங்களா? பக்கத்துல யார்கிட்டயும் வாங்கக் கூடாது சார்.”

“வாங்க மாட்டேன்.”

அவள் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். முதல் அரைமணி நேரம் லிங்கராஜின் இடதுகை மேசையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் தாள் புரளுகிற சத்தம். ஒரு கேள்வியைப் படித்தார். அதைப் பின் சீட்டில் இருந்து யாரோ தலையை நீட்டிக் கேட்பதாக வைத்துக்கொண்டார். என்ன சொல்லுவாரோ அதை எழுதினார். அடுத்த கேள்விக்கு இன்னொருவர் தலையை நீட்டினார். கழுகுமலை வருவதற்குள் ஐந்து பேருக்குப் பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தால் மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் பாக்கி. இப்படி ஒரு நேரம் அவருக்குத் தேர்வறையில் வாய்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலும் ஓரக்கோடு போட்டார்.

ஆவணியில் முடிவு வந்தது. பாஸ். வேண்டிய மார்க்கை விடப் பதினெட்டு கூடுதல். கல்யாணசுந்தரியிடம் சொன்னபோது அவள், “காப்பியக் குடிங்க முதல்ல” என்றாள். குடித்தார். மறுநாள் பணிப்பதிவேட்டில் தேர்ச்சியைப் பதிய வைத்து, மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. சொன்னபடியே ஒரே பக்கம். முதல் பெயர் லிங்கராஜ். கீழே இணைப்பு என்று போட்டு, யாரும் இல்லை என்று இருந்தது. முத்துசெல்வம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் பாதி வழியில் நின்றார். பட்டியலின் கடைசிக் கட்டத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தேர்ச்சி பெற்ற நாள்.

“அண்ணாச்சி, உங்களுக்குத் தேதி தப்பா விழுந்திருக்கு. இந்த வருசம்னு போட்டிருக்கான். திருத்தம் போடச் சொல்லட்டுமா?”

லிங்கராஜ் வாங்கிப் பார்த்தார். இந்தக் கட்டத்தை அவர் நினைத்தே பார்க்கவில்லை. தேர்வில் போனால் இணைப்பில் தெரியும் என்றுதான் பயந்தாரே ஒழிய, பாஸானாலும் தெரியும் என்று அவருக்கு உறைக்கவில்லை.

“தப்பு இல்ல முத்து. அதான் சரியான தேதி.”

முத்துசெல்வம் போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அப்பம் முன்னால வேண்டாம்னு எழுதிக் குடுத்தது...”

“குடுக்கல.”

“எங்க பதினோரு பேருக்கும் நீங்கதான விண்ணப்பம் எழுதுனிய! தேர்ச்சி ஆளோட போகும்னு!”

“விதி தெரியும்லே. மார்க்குதான் வரல.”

 முத்துசெல்வம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்த அறையில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லிங்கராஜும் சிரித்தார். நினைத்ததுபோல் அது ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் இது அலுவலகம். கடம்பூர் வேறு.

மறுநாளே கடம்பூரில் இருந்து போன். தங்கச்சாமியின் மகன் செல்வக்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மேற்பார்வையாளராக உயர்த்தி நாக்பூருக்கு அனுப்புகிறார்களாம்.

“நாக்பூராம் மாப்ள! பாஷை தெரியாத ஊரு! இவன் போறேன்னு குதிக்கான். திங்கக்கிழம பதில் சொல்லணுமாம். நான் சொன்னா எங்க கேக்கான்? நாளைக்கு நீங்க தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. குடும்பந்தான் பெருசுன்னு நீங்க பதவிய உதறுன கதைய உங்க வாயால ஒருக்காச் சொன்னியன்னா போதும், பய அடங்கிருவான். லெட்டர்கூட எழுதி வச்சிருக்கேன், வேண்டாம்னு. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.”

தங்கச்சாமி வாட்ஸ்அப் பார்க்கிறவர் இல்லை. அரசாங்கப் பட்டியல் எதுவும் அவர் கடைக்கு வராது. லிங்கராஜ் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்தக் கதை இன்னும் முப்பது வருடத்துக்குக் கெடாது. இதையெல்லாம் அவர் போனை வைத்த கையோடு கணக்குப் போட்டுப் பார்த்தார். கல்யாணசுந்தரி எதிரில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பையன் போகட்டுமே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் இருவரும் கிளம்பினார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் லிங்கராஜ் ஜெராக்ஸ் கடையில் நின்று, போனில் இருந்த பட்டியலைப் பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடம்பூர் வரை அந்தப் பையை இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. விதைத்து முடித்த கரிசல் காடு, யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்பதுபோல் கிடந்தது.

கடையில் கல்லுச் சூட்டில் போளி வெந்துகொண்டிருந்தது. தங்கச்சாமி ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். சாமான் வாங்க நின்ற இரண்டு பேரிடம், “இவியதான், சொன்னேம்லா, பதவி தேடி வந்தும்...” என்று ஆரம்பித்தார். செல்வக்குமார் மாவு மூட்டைமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்பே தெரிந்த முகம்.

“சொல்லுங்க மாப்ள. இவனுக்கு ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க.”

லிங்கராஜ் எழுந்தார். மேசைமேல் இருந்த போளித் தட்டைக் கல்யாணசுந்தரி ஒரு பக்கமாக நகர்த்தினாள். எண்ணெய்ப் பிசுக்கைத் தன் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டாள். அவர் சட்டைப் பையில் இருந்து தாளை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார்.

“மச்சான், கண்ணாடியப் போடுங்க. மொதப் பேரு என் பேரு. அதுக்கு நேரா கடைசியில ஒரு தேதி இருக்கு. அந்தப் பதவிக்கான பரீட்சைய நான் என்னைக்குப் பாஸானேன்னு. அத நல்லா சத்தமாப் படிங்க. நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்ததா சொன்ன வருசத்தயும் பக்கத்துல வச்சுப் பாருங்க.”

“இது என்னத்துக்கு இப்பம்?”

“படிங்க. செல்வக்குமாரும் கேக்கட்டும்.”

தங்கச்சாமி வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தார். லிங்கராஜ் தேதிக்கு அடியில் ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்திருந்தார். மச்சான் படித்து முடித்து நிமிர்ந்து பார்த்த பிறகும் அதை எடுக்கவில்லை.